முழுப் பரீட்சை பிள்ளைகளுக்கா, வாத்தியார்களுக்கா?

பங்குனி பிறந்துவிட்டால் தாம்பரத்து வீடுகளில் டெலிவிஷன் சத்தம் குறைந்துவிடும். பரீட்சைக் காலம்! பையன் படிக்கிறான், பெண் படிக்கிறாள் என்று வீட்டில் எல்லோரும் மெதுவாகப் பேசுவார்கள். அம்மா ராத்திரியில் கண்விழித்துக் காப்பி போட்டுக் கொடுப்பாள். பாட்டி பிள்ளையாருக்குத் தேங்காய் வேண்டிக்கொள்வாள். பரீட்சை எழுதப்போகும் பிள்ளையின் மேல் ஊருக்கே இரக்கம் உண்டு.

அதே பரீட்சைக்காக இன்னொருவரும் கண்விழிக்கிறார். அவரைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. அவர்தான் பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியர்.

"வாத்தியாருக்கு என்ன கவலை? சித்திரை வந்தால் லீவு. வீட்டில் உட்கார்ந்தபடியே சம்பளம்!" என்று பேசுவோர் உண்டு. ஆனால், மார்ச் முதல் தேதியில் இருந்து ஏப்ரல் கடைசி வரை ஒரு ஆசிரியர் படும் பாட்டைக் கூட இருந்து பார்த்தவர்கள் அப்படிப் பேசமாட்டார்கள். இந்த இரண்டு மாதத்தில் அவர் தலையில் விழும் வேலைகள் ஒன்றா, இரண்டா? ஒவ்வொரு வேலையும் அவசியமானதுதான். எல்லாம் ஒரே நேரத்தில் வருவதில்தான் கோளாறு.

இதில் கஷ்டம் ஆசிரியருக்கு மட்டும் என்று எண்ணிவிடக்கூடாது. களைத்துப்போன கை மார்க் போடும்போது, இழப்பு யாருடையது? பிள்ளையுடையது!

மழை தின்ற நாட்கள்

தாம்பரம், பல்லாவரம், வேளச்சேரி வட்டாரத்துப் பள்ளிக்கூடங்களுக்கு ஒரு தனிக் கஷ்டம் இருக்கிறது. மார்ச் மாதத்து அவசரம் இங்கே நவம்பரிலேயே ஆரம்பித்துவிடுகிறது.

காரணம் மழை. முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்றை ஒட்டிய ஊர்கள். பள்ளிக்கரணையும் வேளச்சேரியும் சதுப்பு நிலத்தின் ஓரம். ஐப்பசி, கார்த்திகையில் நாலு நாள் சேர்ந்தாற்போல் மழை பெய்தால் தெருவில் தண்ணீர் நிற்கும். பள்ளிக்கூடத்துக்கு லீவு விடுவார்கள். சில சமயம் பள்ளிக்கூடமே வெள்ளத்தில் வீடு இழந்தவர்கள் தங்கும் முகாம் ஆகிவிடும்.

2015-ம் ஆண்டு டிசம்பர் முதல் தேதி பெய்த மழையை இந்தப் பக்கத்து மக்கள் மறக்கமாட்டார்கள். ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை! அதாவது, மண்ணில் ஒன்றரை அடிக்கு மேல் தண்ணீர். முடிச்சூரில் முதல் மாடியில் நின்றவர்களைப் படகு வைத்து மீட்டார்கள். சென்னை, காஞ்சீபுரம், திருவள்ளூர் ஜில்லாக்களில் பள்ளிக்கூடங்கள் வாரக்கணக்கில் மூடிக்கிடந்தன. தாம்பரம் அப்போது காஞ்சீபுரம் ஜில்லாவில் இருந்தது. டிசம்பரில் நடக்கவேண்டிய அரைப் பரீட்சை, 2016 ஜனவரியில்தான் நடந்தது.

அரைப் பரீட்சையைத் தள்ளி வைத்தார்கள். முழுப் பரீட்சையைத் தள்ளி வைத்தார்களா? இல்லை. பிளஸ்-2 பரீட்சை மார்ச் 4-ந் தேதியும், எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை மார்ச் 15-ந் தேதியும் வழக்கம்போலத் தொடங்கிவிட்டன. புத்தகத்தை வெள்ளத்துக்குக் கொடுத்த பிள்ளைக்கும், வெள்ளமே பார்க்காத ஊர்ப் பிள்ளைக்கும் ஒரே கேள்வித்தாள். நடுவில் போன நாட்களை எப்படி ஈடு கட்டுவது? சனிக்கிழமை வகுப்பு. காலையில் ஒரு மணி நேரம் முன்னால் வகுப்பு. சாயங்காலம் ஆறு மணி வரை வகுப்பு. பிள்ளைக்கு ஒரு பாடத்துக்கு ஒரு ஆசிரியர் மாறி மாறி வருவார். ஆசிரியருக்கு மாற்று ஆள் இல்லை.

2023 டிசம்பரிலும் இதே கதை. மிச்சாங் புயல் வந்தது. பள்ளிக்கரணை, வேளச்சேரி, முடிச்சூர் எல்லாம் மறுபடியும் தண்ணீரில் நின்றன. மறுபடியும் லீவு. மறுபடியும் அரைப் பரீட்சை தள்ளிப்போயிற்று.

அந்தப் புயலுக்குப் பிறகு வந்த 2024-ம் ஆண்டு மார்ச், ஏப்ரல் மாதங்களைச் சற்று நிதானமாகப் பார்க்கவேண்டும். ஆசிரியர்களின் வருஷக் கடைசி எப்படி இருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

பரீட்சையும் தேர்தலும் சேர்ந்து வந்தன

2024 மார்ச் முதல் தேதி பிளஸ்-2 பரீட்சை தொடங்கியது. மார்ச் 4-ந் தேதி பிளஸ்-1 பரீட்சை. இவை 22-ந் தேதியும் 25-ந் தேதியும் முடிந்தன. ஒரு நாள்கூட இடைவெளி இல்லை. 26-ந் தேதி எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை ஆரம்பம். அது ஏப்ரல் 8-ந் தேதி வரை நடந்தது.

பரீட்சை ஹாலில் காவல் இருப்பது சும்மா உட்கார்ந்திருக்கும் வேலை அல்ல. ஒரு அறைக்கு 20 பிள்ளைகள், ஒரு ஆசிரியர். காலை 10 மணிக்குக் கேள்வித்தாள் கொடுக்கவேண்டும். படித்துப் பார்க்க 10 நிமிடம், விவரங்களைச் சரிபார்க்க 5 நிமிடம். பிறகு மூன்று மணி நேரம் எழுதுவார்கள். பகல் 1.15 மணி வரை ஆசிரியர் கண்ணை எடுக்கக்கூடாது. கையில் டெலிபோன் வைத்திருக்கக்கூடாது. பறக்கும் படை எந்த நேரத்திலும் வரும். அறையில் ஒரு பையன் துண்டுச் சீட்டு வைத்திருந்தால், அவனோடு சேர்ந்து ஆசிரியரும் பதில் சொல்லவேண்டும். தவிர, அவரவர் பள்ளிக்கூடத்தில் காவல் வேலை தரமாட்டார்கள். வேறு பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டும். கூடுவாஞ்சேரியில் இருப்பவர் குரோம்பேட்டைக்கும், மேடவாக்கத்தில் இருப்பவர் வண்டலூருக்கும் ஓடவேண்டி வரலாம். ஜி.எஸ்.டி. ரோட்டில் காலை எட்டரை மணிக்கு பஸ்சில் போனவர்களுக்கு அந்தக் கஷ்டம் தெரியும்.

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடியக்கூட இல்லை. ஏப்ரல் முதல் தேதியே பிளஸ்-2 விடைத்தாள் திருத்தும் வேலை தொடங்கிவிட்டது.

அதற்குள் இன்னொரு சீட்டு வந்து சேர்ந்தது. தேர்தல் கமிஷன் மார்ச் 16-ந் தேதி பாராளுமன்றத் தேர்தலை அறிவித்தது. தமிழ்நாட்டில் ஏப்ரல் 19-ந் தேதி வெள்ளிக்கிழமை ஓட்டுப்பதிவு. தாம்பரமும் பல்லாவரமும் ஸ்ரீபெரும்புதூர் தொகுதி. வேளச்சேரியும் சோழிங்கநல்லூரும் தென்சென்னை தொகுதி. ஓட்டுச்சாவடியில் உட்கார ஆள் வேண்டுமே? ஆசிரியர்களைத்தான் கூப்பிட்டார்கள். அதற்குப் பயிற்சி வகுப்பு வேறு. வாரம் முழுவதும் பரீட்சை ஹால், விடைத்தாள். ஞாயிற்றுக்கிழமை ஓட்டு மிஷினைப் பற்றிப் பாடம்!

சாவடி வேலை ஒரு நாள் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். முதல் நாளே போய் மிஷினோடு இருக்கவேண்டும். சொந்தத் தொகுதியில் வேலை கிடையாது. தெரியாத ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுக்கவேண்டும். பெண் ஆசிரியர்களுக்குக் குளிக்கவும் உடை மாற்றவும் படும் சிரமம் சொல்லி முடியாது. விடிவதற்குள் எழுந்து, ஐந்தரை மணிக்கு மாதிரி ஓட்டுப்பதிவு நடத்தவேண்டும். ஏழு மணி முதல் சாயங்காலம் ஆறு மணி வரை ஓட்டு. பிறகு மிஷினுக்கு சீல். பிறகு படிவங்கள். பதிவான ஓட்டு எத்தனை என்று எழுதும் படிவத்தில் ஒரு எண் மாறினாலும் வம்பு. வண்டி வந்து மிஷினை எடுத்துப்போகும்வரை காத்திருக்கவேண்டும். வீடு வந்து சேரும்போது நடு ஜாமம் ஆகியிருக்கும்.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வந்த திங்கட்கிழமை என்ன தெரியுமா? பரீட்சை! ரம்ஜான் பண்டிகையை முன்னிட்டு, 4 முதல் 9-ம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளின் விஞ்ஞானம், சமூக அறிவியல் பரீட்சைகள் ஏப்ரல் 22, 23 தேதிகளுக்குத் தள்ளி வைக்கப்பட்டிருந்தன. ஓட்டுச்சாவடியில் இருந்து திரும்பியவர்கள் சனி, ஞாயிறு கழித்துக் கேள்வித்தாளோடு நின்றார்கள். எஸ்.எஸ்.எல்.சி. விடைத்தாள் திருத்தும் வேலையோ ஏப்ரல் 12-ந் தேதியே தொடங்கியிருந்தது.

மே 6-ந் தேதி பிளஸ்-2 ரிசல்ட். மே 10-ந் தேதி எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட். இரண்டும் சொன்ன தேதியில் வந்தன. நல்ல காரியம்தான். அந்தத் தேதிகளுக்குப் பின்னால் எத்தனை பேர் தூக்கம் இல்லாமல் இருந்தார்கள் என்பதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

ஒரு தாளுக்குப் பதினேழு நிமிடம்

விடைத்தாள் திருத்தும் இடத்தை வெளியார் பார்க்க முடியாது. அங்கே என்ன நடக்கிறது என்று பெற்றோர் தெரிந்துகொள்வது நல்லது.

பிள்ளை எழுதிய விடைத்தாளின் முதல் பக்கத்தில் அதன் பெயர், நம்பர் எல்லாம் இருக்கும். அந்தப் பகுதியைப் பிரித்து எடுத்துவிடுவார்கள். ரகசியக் குறி மட்டும் இருக்கும். யாருடைய தாள், எந்தப் பள்ளிக்கூடம் என்று திருத்துகிறவருக்குத் தெரியாது. இது நியாயமான ஏற்பாடு.

பிளஸ்-2 தாள் என்றால், ஒரு ஆசிரியருக்கு வழக்கமாக ஒரு நாளைக்கு 24 தாள். காலையில் 12, பிற்பகலில் 12. எஸ்.எஸ்.எல்.சி. என்றால் 30. காலையில் 15, பிற்பகலில் 15. ஒரு வேளைக்கு மூன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும், பிளஸ்-2 தாள் ஒன்றுக்குப் பதினேழு நிமிடத்துக்குச் சற்று அதிகம். எஸ்.எஸ்.எல்.சி. தாளுக்குப் பதினாலு நிமிடம்.

அந்தப் பதினாலு நிமிடத்தில் என்ன என்ன செய்யவேண்டும் என்று பாருங்கள். கோழி கிளறினாற்போல் எழுதிய கையெழுத்தையும் படிக்கவேண்டும். ஒரு மார்க் கேள்வி, இரண்டு மார்க் கேள்வி, ஐந்து மார்க் கேள்வி என்று ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டும். விடைக் குறிப்போடு ஒத்துப்பார்க்கவேண்டும். பையன் கணக்கை வேறு வழியில் போட்டிருந்தால், அதுவும் சரியா என்று யோசிக்கவேண்டும். பிறகு ஒவ்வொரு மார்க்கையும் கட்டத்தில் ஏற்றவேண்டும். பிறகு கூட்டவேண்டும். ஒரு தாள் முடிந்தால் அடுத்த தாள். மணி பார்த்து வேலை. வெளியே சித்திரை வெயில். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, இருபதாவது தாளைப் பிரிக்கும்போது எழுத்துகள் கண்முன்னே நெளியும்.

ஒருவர் திருத்தியதை இன்னொருவர் கூட்டிப் பார்ப்பார். அவருக்கும் மேலே தலைமைத் தேர்வாளர் என்று ஒருவர் இருந்து சில தாள்களை எடுத்துச் சோதிப்பார். மூன்று கண்கள் பார்த்தும் சில தவறுகள் தப்பிவிடுகின்றன. எப்படி? பக்கத்தில் போட்ட 5 மார்க், கட்டத்தில் ஏறாமல் போய்விடும். 43 என்பது 34 ஆகிவிடும்.

இது சின்னத் தவறா? பாஸ் மார்க் 35. 37 வாங்கிய பையனுக்கு 32 என்று வந்தால், அவன் பெயில்! அன்றைக்கு அந்த வீட்டில் அடுப்பு எரியாது. பிளஸ்-2-வில் இன்னும் கடுமை. என்ஜினீயரிங் படிப்புக்குக் கணிதத்தில் 100, பவுதிகத்தில் 50, ரசாயனத்தில் 50 என்று 200-க்குக் கணக்குப் பார்த்துத்தான் இடம் தருகிறார்கள். கணிதத்தில் ஒரே ஒரு மார்க் குறைந்தால்கூடப் பல பேருக்குப் பின்னால் தள்ளப்பட்டுவிடலாம். விரும்பிய காலேஜ் கைநழுவிப் போகலாம்.

ஆகவேதான் மறுகூட்டல் என்றும் மறுமதிப்பீடு என்றும் வழி வைத்திருக்கிறார்கள். பிளஸ்-2 எழுதிய பிள்ளைக்கு மார்க்கில் சந்தேகம் இருந்தால், ரிசல்ட் வந்த கையோடு விடைத்தாள் நகல் கேட்டு மனுப் போடலாம். நகலைப் பாட ஆசிரியரிடம் காட்டி, கூட்டலில் தவறா, திருத்தியதில் தவறா என்று தெரிந்துகொண்டு அதன்பின் மறுகூட்டலுக்கோ மறுமதிப்பீட்டுக்கோ பணம் கட்டலாம். கெடு சில நாட்கள்தான். அழுதுகொண்டிருந்தால் தேதி போய்விடும்.

தவறு கண்டுபிடிக்கப்பட்டால் ஆசிரியருக்கு நோட்டீஸ் வரும். 17-ஏ, 17-பி என்று இரண்டு விதி இருக்கிறது. முதலாவது, சிறிய தண்டனைக்கு வழி. இரண்டாவது, பெரிய தண்டனைக்கு வழி. சம்பள உயர்வு நிற்கலாம். பதவி உயர்வு போகலாம். இருபது வருஷம் குறை சொல்ல முடியாமல் வேலை செய்தவருக்கும், ஒரு கூட்டல் பிசகுக்காக அலுவலகப் படி ஏறவேண்டி வரும்.

அசட்டையாகத் திருத்துகிறவரைக் கேள்வி கேட்கவேண்டியதுதான். அதில் சந்தேகம் இல்லை. பிள்ளையின் வாழ்வோடு விளையாட யாருக்கும் உரிமை கிடையாது. ஆனால், லாரி டிரைவரை மூன்று ராத்திரி தூங்கவிடாமல் ஓட்டச்சொல்லிவிட்டு, மரத்தில் மோதியதற்கு அவனை மட்டும் குற்றம் சொல்வது எப்படி நியாயம் ஆகும்? ஒரு நாளைக்கு 24 தாளை 20 ஆக்கினால் ரிசல்ட் சில நாள் தள்ளி வரும். கூட்டலும் சரியாக இருக்கும். பெற்றோரைக் கேட்டால், சரியான மார்க் வரட்டும், சில நாள் பொறுக்கிறோம் என்றுதான் சொல்வார்கள்.

நூற்றுக்கு எத்தனை?

பிள்ளைகளுக்குள் போட்டியைக் குறைக்க ஒரு நல்ல மாற்றம் வந்தது. மாநிலத்தில் முதல் இடம், இரண்டாம் இடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை 2017-ல் அரசாங்கம் நிறுத்தியது. பத்திரிகைகளில் லட்டு ஊட்டும் படங்கள் குறைந்தன.

பிள்ளைக்கு ராங்க் போயிற்று. வாத்தியாருக்குப் போகவில்லை! பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம் சதவீதம் பார்க்கிறார்கள். பாடத்துக்குப் பாடம் சதவீதம் பார்க்கிறார்கள். 2025-ல் மாநிலம் முழுவதும் பிளஸ்-2-வில் 95.03 சதவீதம் பேர் பாஸ். எஸ்.எஸ்.எல்.சி.யில் 93.80 சதவீதம். இவ்வளவு பேர் பாஸ் செய்வது சந்தோஷப்படவேண்டிய விஷயம். ஆனால் எல்லோரும் 95-ல் நிற்கும்போது, 88 வாங்கிய பள்ளிக்கூடம் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது. மேல் அதிகாரி கூட்டம் போட்டு, "உங்கள் பாடத்தில் ஏன் குறைந்தது?" என்று கேட்பார். அப்பா குடித்துவிட்டு அடிக்கிற வீட்டில் இருந்து வருகிற பையன், காலையில் பேப்பர் போட்டுவிட்டு வகுப்பில் தூங்குகிற பையன், கட்டட வேலைக்குப் போய் மாதத்தில் பாதி நாள் வராத பையன் என்று ஆசிரியருக்கு ஒவ்வொரு முகமாகத் தெரியும். கூட்டத்தில் அதைச் சொன்னால் சாக்குப்போக்கு ஆகிவிடும்.

ஆகவே பிப்ரவரி, மார்ச்சில் ஆசிரியர்கள் என்ன செய்கிறார்கள்? மெல்லக் கற்கும் பிள்ளைகளைத் தனியாக உட்காரவைத்து, பாஸ் செய்வதற்கு வேண்டியதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுக்கிறார்கள். விடியற்காலையில் டெலிபோன் போட்டு எழுப்பிவிடுகிற ஆசிரியர்களும் உண்டு. பரீட்சை அன்று வராத பையனைத் தேடி வீட்டுக்கே போகிறவர்களும் உண்டு.

அந்தத் தேடல் வீண் அல்ல. 2023 மார்ச் 13-ந் தேதி நடந்த பிளஸ்-2 தமிழ்ப் பரீட்சைக்கு 50 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வரவில்லை. நாடே திடுக்கிட்டது. வராதவர்களைக் கண்டுபிடித்து, துணைத் தேர்வு எழுதவைக்க ஏற்பாடு நடந்தது. தெருத்தெருவாகப் போய்க் கதவைத் தட்டியது யார்? ஆசிரியர்கள்தான்.

வீட்டிலும் ஒரு பரீட்சை

பள்ளிக்கூட வேலையில் பெண்கள் அதிகம். சாயங்காலம் தாம்பரம் ரெயில் நிலையத்தில் இறங்கும் ஆசிரியைகளின் கைப்பையில் விடைத்தாள் கட்டும் இருக்கும், கீரைக்கட்டும் இருக்கும். வீட்டுக்குப் போனதும் சமையல். மாமியாருக்கு மாத்திரை. ஒன்பது மணிக்கு மேல் விடைத்தாள். இடையிடையே டெலிபோன் கூவும். "மிஸ், நாளைக்கு என் பையனுக்கு எந்தப் பாடம் முக்கியம்?" என்று வாட்ஸ்-அப்பில் கேட்டிருப்பார் ஒரு தாயார். ஒருவருக்குப் பதில் போட்டால் நாற்பது பேர் கேட்பார்கள். ராத்திரி பத்தரை மணிக்கு ஆசிரியையிடம் சந்தேகம் கேட்கும் வழக்கத்தைப் பெற்றோர் விட்டுவிட்டால் அதுவே பெரிய உபகாரம்.

சில வீடுகளில் ஆசிரியையின் மகளே பிளஸ்-2 எழுதுவாள். ஊரார் பிள்ளைக்குக் கேள்வித்தாள் கொடுக்கத் தாய் ஏழு மணிக்கே கிளம்பியாகவேண்டும். மகள் பரீட்சைக்குப் புறப்படும் நேரத்தில் வாசலில் நின்று திருநீறு பூசிவிடத் தாய் இருக்கமாட்டாள்.

இத்தனைக்கும் நடுவில், அடுத்த வருஷத்துச் சேர்க்கையும் வந்துவிடுகிறது. முன்பெல்லாம் ஜூனில்தான் சேர்க்கை. 2025-ல் சர்க்கார் பள்ளிக்கூடங்களில் மார்ச் முதல் தேதியே சேர்க்கையைத் தொடங்கிவிட்டார்கள். தனியார் பள்ளிக்கூடங்கள் முந்திக்கொள்கின்றன என்பது காரணம். காரணம் சரிதான். துண்டுப் பிரசுரத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறவர் யார்? அவரும் ஆசிரியர்தான். அதே வருஷம் வெயில் கடுமையாக இருந்ததால், 1 முதல் 5-ம் வகுப்பு வரை உள்ள குழந்தைகளுக்கு முழுப் பரீட்சையை ஏப்ரல் 17-ந் தேதிக்குள் முடித்தார்கள். குழந்தைகளுக்கு நல்லதாயிற்று. பாடத்தை முடிக்கவேண்டியவருக்கு நாள் இன்னும் குறைந்தது.

இப்படி வேலை குவிந்துகொண்டே போனால் மனித உடம்பு என்ன ஆகும்? உலக சுகாதார ஸ்தாபனம் 2019-ல் இதைப் பற்றி ஒரு விளக்கம் தந்தது. ஓயாத வேலை நெருக்கடியால் உண்டாகும் சோர்வுக்கு மூன்று அடையாளங்களைச் சொன்னது. உடம்பில் சத்தே இல்லாததுபோன்ற களைப்பு. செய்கிற வேலையிலேயே வெறுப்பு. எதையும் முன்போல் செய்ய முடியவில்லை என்ற எண்ணம். இது வியாதி அல்ல, வேலையால் வரும் நிலை என்றும் அது தெளிவாகச் சொன்னது. அப்படியானால், மருந்து ஆஸ்பத்திரியில் இல்லை. வேலையைப் பிரித்துக்கொடுப்பதில்தான் இருக்கிறது.

மே மாதத்துச் சம்பளம்

நிரந்தர வேலையில் இருக்கும் ஆசிரியருக்காவது மே மாதம் சம்பளத்தோடு லீவு. எல்லோருக்கும் அந்தப் பாக்கியம் இல்லை.

ஓவியம், தையல், உடற்பயிற்சி, கம்ப்யூட்டர் முதலியவற்றைச் சொல்லிக்கொடுக்க 2012-ல் சர்க்கார் பள்ளிக்கூடங்களில் பகுதிநேர ஆசிரியர்கள் அமர்த்தப்பட்டார்கள். மாதம் 5 ஆயிரம் ரூபாயில் தொடங்கினார்கள். பிறகு படிப்படியாக உயர்ந்தது. ஆனால் பல ஆண்டுகள் அவர்களுக்கு மே மாதம் சம்பளம் கிடையாது. ஏப்ரல் கடைசியில் மற்றவர்கள் ஊருக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டிருக்கும்போது, இவர்கள் மே மாதத்து வாடகைக்கு யாரிடம் கைமாற்று வாங்கலாம் என்று யோசித்தார்கள்.

தனியார் பள்ளிக்கூடங்கள் சிலவற்றிலும் பத்து மாதச் சம்பளம்தான். ஜூனில் திரும்பவும் வேலை உண்டா என்று ஏப்ரலில் தெரியாது. இத்தனை பிள்ளைகளைச் சேர்த்துவிட்டால் வேலை நிச்சயம் என்று சொல்லும் நிர்வாகங்களும் இருக்கின்றன. பாடம் நடத்தத் தெரிந்த பெண், பிள்ளை பிடிக்கத் தெரியவில்லை என்பதற்காக வேலையை இழப்பது கொடுமை அல்லவா?

சட்டம் சொல்வது

2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில் 27-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஆசிரியர்களைப் படிப்புக்குச் சம்பந்தம் இல்லாத வேலைக்கு அனுப்பக்கூடாது என்று அது சொல்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், பத்து வருஷத்துக்கு ஒரு முறை நடக்கும் ஜனத்தொகைக் கணக்கெடுப்பு, வெள்ளம் புயல் போன்ற காலத்து நிவாரண வேலை, தேர்தல் ஆகிய மூன்றுக்கும் அனுப்பலாம் என்று அதே பிரிவில் விலக்கும் இருக்கிறது. தாம்பரத்து ஆசிரியரைப் பள்ளிக்கூடத்தில் இருந்து வெளியே இழுப்பவை அநேகமாக இந்த மூன்றுதான்!

தேர்தல் நடக்கவேண்டும். ஜனங்கள் நம்பும் ஆட்கள்தான் ஓட்டுச்சாவடியில் இருக்கவேண்டும். அந்த நம்பிக்கை ஆசிரியருக்கு ஊர் கொடுத்த மரியாதை. அதை வேண்டாம் என்று ஆசிரியர்களே சொல்வதில்லை. விடைத்தாள் திருத்துகிறவரைச் சாவடிக்கும், சாவடிக்குப் போகிறவரை விடைத்தாளுக்கும் அனுப்பாமல் இரண்டு பட்டியலாகப் பிரித்தால் போதும் என்பதுதான் கேள்வி. ஒரு ஜில்லாவில் எத்தனை ஆசிரியர், எத்தனை சாவடி என்ற கணக்கு அதிகாரிகளிடம் இருக்கிறது. பள்ளிக்கூட இலாகாவும் தேர்தல் இலாகாவும் மார்ச்சில் ஒரு முறை சேர்ந்து உட்கார்ந்தால் முடிகிற வேலை.

இந்தக் கஷ்டம் நம் நாட்டில் மட்டும்தானா? இல்லை. ஜப்பானிலும் பள்ளிக்கூட வருஷம் மார்ச்சில்தான் முடிகிறது. அங்கே சர்க்கார் ஆசிரியர்கள் எத்தனை மணி நேரம் அதிகமாக வேலை செய்தாலும் அதற்குத் தனிக் கூலி கிடையாது. மாதச் சம்பளத்தில் 4 சதவீதம் சேர்த்துக் கொடுத்துவந்தார்கள். 1971-ல் போட்ட சட்டம் அது. வேலைக்கு வர இளைஞர்கள் தயங்க ஆரம்பித்த பிறகு, 2025 ஜூனில் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். 4 சதவீதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக 10 சதவீதம் ஆக்க முடிவு செய்தார்கள். அரை நூற்றாண்டு தாமதம்! நம் ஊரிலோ, கூடுதல் வேலைக்கு என்ன கணக்கு என்று யாரும் இன்னும் எழுதி வைக்கவில்லை.

வாத்தியாருக்கே பரீட்சை

2025 செப்டம்பர் முதல் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்புச் சொன்னது. 1 முதல் 8-ம் வகுப்பு வரை பாடம் நடத்தும் ஆசிரியர்களைப் பற்றிய தீர்ப்பு. ஓய்வு பெற ஐந்து வருஷத்துக்கு மேல் இருப்பவர்கள், 'டெட்' என்னும் ஆசிரியர் தகுதித் தேர்வில் இரண்டு வருஷத்துக்குள் பாஸ் செய்யவேண்டும். இல்லாவிட்டால் வேலையில் இருக்க முடியாது. ஐந்து வருஷத்துக்குள் ஓய்வு பெறப்போகிறவர்கள் வேலையில் நீடிக்கலாம். ஆனால், பதவி உயர்வு வேண்டும் என்றால் அவர்களும் எழுதித்தான் ஆகவேண்டும். இந்தத் தகுதித் தேர்வு தமிழ்நாட்டில் முதன்முதலாக நடந்தது 2012-ல்தான். அதற்கு எத்தனையோ வருஷத்துக்கு முன்பே முறைப்படி வேலைக்கு வந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

நாற்பத்தைந்து வயது ஆசிரியை ஒருத்தி, மத்தியானம் குழந்தைகளின் விடைத்தாளைத் திருத்துவாள். ராத்திரி தன் பரீட்சைக்குப் படிப்பாள். வீட்டில் மகனும் படிப்பான். மகன் பெயில் ஆனால் துணைத் தேர்வு இருக்கிறது. கெடு முடிவதற்குள் தாய் பாஸ் செய்யாவிட்டால் வீட்டுக்கு வரும் சம்பளமே நின்றுவிடும்.

கோர்ட்டுக் கொடுத்த இரண்டு வருஷம் முடிகிற நாள், 2027 செப்டம்பர் முதல் தேதி. அதற்கு முன்னால் 2027 பிப்ரவரியில், ஜனத்தொகைக் கணக்கெடுப்புக்காக வீடு வீடாகத் தலை எண்ணும் வேலை. பிப்ரவரி முடிந்தால் மார்ச். பிளஸ்-2 பரீட்சை.